லேப்டாப்பில் ஓர் இதயச் செல்: லாங் கியூடி கோளாறை மாடல் செய்து பார்ப்பது எப்படி

பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறைக் கணினியில் மாடல் செய்யக் கிளம்புபவர்களில் பலர் நேராக மரபணுவில் கை வைக்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ள பெயரைத் தேடி, மாடலில் அதற்குரிய எண்ணைப் பாதியாக்கி, திரையில் கோடு நீண்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. நான் இங்கே அதிகம் பேசப்போவது அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

நான் மருத்துவன் இல்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதிக்கும் இன்ஜினியர். லாங் கியூடி என்பது, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் மின்னளவில் ஓய்வுக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கும் பரம்பரைக் கோளாறு; ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளி நீண்டு தெரியும். என் அக்கா மகளுக்கு அதில் இரண்டாம் வகை இருக்கிறது என்று தெரிந்தபோதுதான் இந்தப் பக்கம் வந்தேன். அவள் அப்போது படிவம் ஐந்து. மரபணு ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமா, அம்மாகிட்டேர்ந்து வந்த ஒரு பிரதிதானே கெட்டது? அப்பாவோட பிரதி நல்லாத்தானே இருக்கு? அப்போ பாதி சேனல் வேலை செய்யணுமே?" நல்ல கேள்வி. பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) இயற்பியலும் கொஞ்சம் பைதானும் தெரிந்திருந்தால் நீங்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

சர்க்யூட்டாகப் பார்த்தால்

இதயச் செல்லின் சவ்வு ஒரு கெப்பாசிட்டர். அதற்கு இணையாகப் பல மின்தடைகள். ஒவ்வொன்றும் ஒரு வகை அயனிச் சேனல், அதாவது அயனிகள் சவ்வைக் கடக்கும் நுண்ணிய வழி. ஒவ்வொரு தடைக்கும் பின்னால் ஒரு பேட்டரி. உள்ளேயும் வெளியேயும் அயனிகளின் அடர்த்தி வேறுபடுவதால் கிடைக்கும் மின்னழுத்தம்தான் அந்தப் பேட்டரி. பொட்டாசியம் வெளியே 5.4, உள்ளே 140 மில்லிமோலார் என்று வைத்து, உடல் வெப்பநிலையில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டால் சுமார் −87 மில்லிவோல்ட் வரும். ஓய்வில் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் அதை ஒட்டியே நிற்கும். மற்ற சர்க்யூட்டுகளிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றே ஒன்று: இந்தத் தடைகளின் மதிப்பு மின்னழுத்தத்தைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஹாட்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாய் மீனின் நரம்பை வைத்து இதை எழுதினார்கள். டெனிஸ் நோபிள் 1960இல் அதையே இதயத்துக்கு மாற்றினார். லண்டன் பல்கலைக்கழகத்தின் ஃபெராண்டி மெர்க்குரி கணினியில் பகலில் இடம் கிடைக்காததால், நள்ளிரவுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் ஓட்டியிருக்கிறார். இன்று அந்தக் கணக்கை உங்கள் கைப்பேசியே செய்துவிடும்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது 2011இல் வெளியான ஓஹாரா-ரூடி மாடல். நாயிடமிருந்தோ கினிப் பன்றியிடமிருந்தோ அல்லாமல், நூற்றுக்கும் மேற்பட்ட நோயற்ற மனித இதயங்களில் எடுத்த அளவுகளை வைத்துக் கட்டியது. ஒரு செல்லுக்கு 41 மாறிகள். இதைத் திருத்தி 2019இல் டோர்-ஓர்ட் என்று ஒன்று வந்தது. அது சில விஷயங்களில் மேல்தான். ஆனால் முதலில் கற்றுக்கொள்ள எனக்குப் பழையதே வசதி. அதைப் பற்றி எழுதியவர்கள் அதிகம், மாட்டிக்கொண்டால் கேட்க ஆள் கிடைப்பார்கள்.

நிறுவுவது

மையோகிட் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பைதானுக்குள் பிப் மூலம் ஒரே வரியில் இறங்கிவிடும். ஆனால் அது உங்கள் மாடலை உள்ளுக்குள் சி மொழியாக மாற்றித்தான் ஓட்டும். ஆகவே கணினியில் ஒரு சி கம்பைலர் இருக்க வேண்டும். விண்டோஸ்காரர்கள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். மைக்ரோசாஃப்ட் தரும் இலவச சி++ பில்ட் கருவிகளைப் போட்டுவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்துத் திறவுங்கள்.

மாடலை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டாம். ஆக்லாந்து பல்கலைக்கழகம் நடத்தும் ஃபிஸியோம் களஞ்சியத்தில் செல்எம்எல் என்ற கோப்பு வடிவில் இருக்கிறது. மையோகிட் அதைப் படித்துத் தன் வடிவுக்கு மாற்றிக்கொள்ளும். அந்தக் கோப்பில் மூன்று பகுதிகள் இருக்கும்: மாடல், தூண்டல் அட்டவணை, ஓட்டும் ஸ்கிரிப்ட். நோயைப் பற்றிய மாற்றங்களை மாடல் பகுதியில் எழுதாதீர்கள்; எல்லாம் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்தால், அடுத்த மாதம் திறக்கும்போது எது ஓஹாராவுடையது, எது உங்களுடையது என்ற சந்தேகம் வராது.

நல்ல செல் முதலில்

தூண்டலின் அளவு −80, அது நீடிப்பது 0.5 மில்லிவினாடி, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி 1000 மில்லிவினாடி. −80 என்ற குறியைப் பார்த்து எங்களைப் போன்ற சர்க்யூட்காரர்கள் திருத்தப் போய்விடுவோம். திருத்தாதீர்கள். நேர்மின்னூட்டம் உள்ளே நுழைவதை இந்தத் துறையில் எதிர்க்குறியில்தான் எழுதுவார்கள்.

இப்போது ஒரு துடிப்பை மட்டும் ஓட்டி, வரும் கோட்டை நம்பிவிடாதீர்கள். செல்லுக்குள் இருக்கும் சோடியமும் கால்சியமும் மெதுவாக நகர்ந்து ஓர் இடத்தில் நிலைகொள்ள நேரம் பிடிக்கும். எந்த மாற்றம் செய்தாலும் 1000 துடிப்பு ஓடவிட்டு, அதற்குப் பிறகு வரும் துடிப்பைத்தான் அளக்க வேண்டும். மையோகிட்டில் இதற்கென்றே பதிவு செய்யாமல் ஓட்டும் 'பிரீ' கட்டளை இருக்கிறது. சாதாரண லேப்டாப்பிலேயே வேகமாக முடிந்துவிடும். அப்புறம் சோடியத்தின் அளவை மட்டும் தனியாக வரைந்து, கோடு படுத்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

அளக்க வேண்டியது ஏபிடி90 என்ற நீளம். மின்னழுத்தம் செங்குத்தாக ஏறும் கணத்திலிருந்து, உச்சியிலிருந்து ஓய்வு நிலைக்கு 90 சதவீதம் இறங்கி வரும் கணம் வரை. உள்சுவர்ச் செல்லுக்கு (இதயச் சுவரின் உட்பக்கத்தில் இருப்பது) 270 மில்லிவினாடிக்கு அருகில் வர வேண்டும். வெகுதூரம் தள்ளி வந்தால் எங்கோ அலகு பிசகியிருக்கிறது. நோய்க்குள் போகவே வேண்டாம்.

இன்னும் மூன்று சோதனைகள். இடைவெளியை 500 ஆக்குங்கள். ஏபிடி குறைய வேண்டும். ஐகேஆர் என்ற வேகமான பொட்டாசிய மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். நன்றாக நீள வேண்டும். ஐகேஎஸ் என்ற மெதுவான மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். ஏறக்குறைய ஒன்றும் நடக்கக்கூடாது. மூன்றாவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அதற்கு மறுபடி வருகிறேன்.

பாதியா, பதினாறில் ஒன்றா

லாங் கியூடி இரண்டாம் வகையில் பழுதாவது கேசிஎன்எச்2 என்ற மரபணு. அது கட்டும் சேனலுக்கு ஹெர்க் என்று பெயர். ஐகேஆர் மின்னோட்டம் இதன் வழியாகத்தான் ஓடுகிறது. என் அக்கா மகளின் கணக்கு எங்கே இடறுகிறது என்றால், ஒரு சேனல் என்பது ஒரு புரதம் இல்லை. நான்கு புரதத் துண்டுகள் கூடித்தான் ஒரு சேனல். நல்ல துண்டும் கெட்ட துண்டும் சரிபாதியாக உற்பத்தியாகி, ஆள் பார்க்காமல் நான்கு நான்காகச் சேர்ந்தால், நான்கும் நல்லதாக அமையும் வாய்ப்பு ½ × ½ × ½ × ½. அதாவது பதினாறில் ஒன்று, 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு கெட்ட துண்டு நுழைந்தாலும் சேனல் முழுதும் பாழ் என்றால், ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் கலந்த கதைதான். மீதமிருப்பது அந்த 6 சதவீதம் மட்டுமே.

எல்லாத் திரிபும் (மரபணுப் பிழையும்) இப்படிச் செய்வதில்லை என்பதால்தான் ரிப்போர்ட்டை நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். புரதம் பாதியிலேயே நின்றுபோகும் வகைத் திரிபு என்றால், கெட்ட துண்டு பெரும்பாலும் உருவாகவே உருவாகாது. நல்ல துண்டுகள் தமக்குள் சேர்ந்துகொள்ளும். அங்கே பாதி என்று போடுவது நியாயம். ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறும் வகையில், ஹெர்க்கைப் பொறுத்தவரை பெரும்பாலானவை செல்லின் உள்ளேயே சிக்கிக்கொண்டு சவ்வுக்கு வந்து சேராதவை. சில திரிபுகள் நல்ல துண்டுகளையும் தம்மோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சில விட்டுவிடும். ஆகவே எண் 0.06க்கும் 0.5க்கும் நடுவில் எங்கேயும் விழலாம். இன்னும் சில திரிபுகளில் சேனல் சவ்வுக்கு வந்து சேரும், திறக்கவும் செய்யும், ஆனால் நேரம் தவறி மூடும். அதற்குக் கடத்துதிறனை (நாம் இதுவரை பாதியாக்கிய எண் அதுதான்) குறைப்பதே தவறான வழி. சேனல் திறந்து மூடுவதை எழுதும் வாயிற்கதவுச் சமன்பாட்டில் மின்னழுத்த வளைவை இத்தனை மில்லிவோல்ட் நகர்த்த வேண்டும், அல்லது மூடும் வேகத்தை மாற்ற வேண்டும்.

சரி, எண்ணை எங்கிருந்து எடுப்பது? அந்தத் திரிபை வைத்துப் பேட்ச் கிளாம்ப் (செல்லின் சேனல்கள் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் முறை) செய்த ஆய்வுக் கட்டுரையைத் தேடுங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நல்லதையும் கெட்டதையும் சரிசமமாகக் கலந்து அளந்திருக்கிறார்களா? கெட்டதை மட்டும் தனியாக அளந்த எண் நமக்கு உதவாது. குடும்பங்களில் இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு, செல்களை எந்த வெப்பநிலையில் வளர்த்தார்கள், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள்? உள்ளே சிக்கும் திரிபுகளில் சில, செல்லைக் குளிரில் வளர்த்தால் சவ்வுக்கு வந்துவிடும். அப்போது திரிபு சாதுவானது போலத் தெரியும். 37 டிகிரியில் வளர்த்த செல்லின் அளவுதான் வேண்டும். மூன்று, நல்ல சேனலோடு ஒப்பிட்ட விகிதம் கொடுத்திருக்கிறார்களா? அந்த விகிதத்தை மட்டும் எடுத்து ஓஹாரா-ரூடியின் எண்ணோடு பெருக்குங்கள். ஆய்வகத்தில் ஹெர்க்கை வேறு வகைச் செல்லில் வளர்த்துத்தான் அளப்பார்கள். அதில் வந்த மின்னோட்டத்தின் நேரடி அளவை இதயச் செல்லுக்குள் போடக்கூடாது.

கட்டுரையே கிடைக்காத திரிபு என்றால் ஒரே எண்ணைத் தேர்ந்துகொண்டு பாசாங்கு செய்ய வேண்டாம். 0.5, 0.3, 0.06 என மூன்றையும் ஓட்டி, மூன்று கோட்டையும் ஒரே படத்தில் காட்டுங்கள்.

எப்போது இடறுகிறது

ஏபிடி நீள்வது மட்டும் ஆபத்தில்லை. நீண்ட சமவெளியில் (துடிப்பின் நடுவே மின்னழுத்தம் அதிகம் இறங்காமல் நிற்கும் பகுதியில்) கால்சியச் சேனல்கள் மறுபடி திறந்து, இறங்க வேண்டிய கோடு நடுவழியில் திரும்ப ஏறுமே, அதுதான் பயம். இந்த முன்கூட்டிய பின்னதிர்வு இதயச் சுவரில் பரவினால் டோர்சாட் என்ற தாறுமாறான துடிப்பைத் தூண்டிவிடக்கூடும். மாடலில் இதைப் பார்க்க, உள்சுவர்ச் செல்லில் ஐகேஆரை 85 சதவீதம் குறைத்து, இடைவெளியை 4000 மில்லிவினாடி ஆக்குங்கள். ஓஹாராவும் ரூடியும் தங்கள் கட்டுரையிலேயே காட்டியது இது. கோடு நடுவே மேலெழும்பும். நிமிடத்துக்கு 15 துடிப்பு யாருக்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு துடிப்பு தவறி வரும் நீண்ட இடைவெளி, இரண்டாம் வகைக்காரர்களுக்கு ஏன் ஆகாது என்பது இதில் புரியும். அவர்களுக்குத் திடீர்ச் சத்தமும் ஆகாது. எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் படுக்கையறையை விட்டுப் போய்விட்டது. தீபாவளிக்குப் பட்டாசும் வாசலோடு சரி, அதுவும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான்.

அடுத்து வெளிப் பொட்டாசியத்தை 5.4இலிருந்து 3.0 ஆக்கிப் பாருங்கள். இங்கேதான் மாடல் தன் கூலிக்கு உழைக்கிறது. பேட்டரி −87இலிருந்து −103 பக்கம் போய்விடுவதால், பொட்டாசியம் வெளியேறும் விசை கூடி ஏபிடி குறையும் என்றுதான் எந்த இன்ஜினியரும் சொல்வார். நடப்பது நேர் எதிர். ஐகேஆரின் கடத்துதிறன் வெளிப் பொட்டாசியத்தின் வர்க்கமூலத்தோடு மாறுவதாக மாடலில் எழுதியிருக்கிறது, 3.0ஐ 5.4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.745. ஏற்கெனவே குறைந்துபோன சேனலில் மேலும் கால்பங்கு போகிறது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ விடாமல் இருந்தால் இவர்களை ஏன் சீக்கிரம் மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது இந்த ஒரு வரிக் கணக்கில்தான்.

மருந்தையும் இதே இடத்தில் சேர்க்கலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், டோம்பெரிடோன் போன்றவை ஹெர்க்கை அடைப்பவை. சளிக்கும் வாந்திக்கும் சாதாரணமாக எழுதித்தரும் மாத்திரைகள்தான். அடைபடாமல் மிஞ்சும் பங்கு = 1 ÷ (1 + மருந்தின் அடர்த்தி ÷ பாதி அடைக்கும் அடர்த்தி). அடர்த்தி என்று போடும்போது ரத்தத்தில் உள்ள மொத்த மருந்தைப் போடாதீர்கள். புரதத்தோடு ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் பங்கு மட்டும்தான் சேனலை எட்டும். திரிபில் மிஞ்சியது 0.5, மருந்தில் மிஞ்சியது 0.8 என்றால் பெருக்கி 0.4. புது மருந்துகளுக்கு இதே வேலையைப் பெரிய அளவில் செய்ய 2013இல் தொடங்கியதுதான் சிபா என்ற முயற்சி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதில் முன்னின்றது. அவர்களும் எடுத்துக்கொண்டது ஓஹாரா-ரூடி மாடலைத்தான், சில திருத்தங்களோடு.

இன்னொன்று. திரையில் வரும் ஏபிடியை ஈசிஜி தாளில் உள்ள கியூடியோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். ஒன்று ஒரு செல்லின் கணக்கு, மற்றது கீழறைகள் முழுவதன் கணக்கு. அந்த எண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். எங்கள் பெரியம்மா அதை வைத்து அவளுக்கு மாத்திரையே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முதல் வகையும் மூன்றாம் வகையும்

முதல் வகையில் பழுது கேசிஎன்கியூ1இல், குறைவது ஐகேஎஸ். மேலே செய்த சோதனையில் அதைப் பாதியாக்கியும் ஒன்றும் நடக்கவில்லை, இல்லையா? மாடல் சரியாகத்தான் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் மனிதச் செல்லில் ஐகேஎஸ் மிகச் சிறியது. ஓடும்போது அட்ரினலின் வந்து அதைப் பல மடங்கு பெருக்கும். துடிப்பு வேகமாகும்போது ஏபிடியைச் சுருக்கித் தருவது அதுதான். அது இல்லாதவருக்கு ஓட்டத்தில்தான் வினை. குறிப்பாக நீச்சலில். பத்து பெரிங்கி கடற்கரையில் பிள்ளைகளை இறக்கும் முன் முதல் வகைக் குடும்பங்கள் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆகவே முதல் வகையை ஓய்வு நிலையில் மாடல் செய்வது வீண்வேலை. இடைவெளியை 500 ஆக்குங்கள், அட்ரினலின் செய்யும் மாற்றங்களைப் போடுங்கள்: ஐகேஎஸ் உயர வேண்டும், கால்சிய மின்னோட்டமும் கூடவே உயர வேண்டும். எத்தனை மடங்கு என்பதை வெளியான கட்டுரையிலிருந்து எடுங்கள், மனதுக்குத் தோன்றியதைப் போடாதீர்கள். அதன் பிறகு ஐகேஎஸ்ஸைக் குறைத்தால் நோய் தெரியும்.

மூன்றாம் வகை எஸ்சிஎன்5ஏ. மூடிவிட வேண்டிய சோடியச் சேனல் முழுதும் மூடாமல் கசிகிறது. ஓஹாரா-ரூடியில் இந்தக் கசிவு தனி மின்னோட்டமாகவே இருப்பதால் பெருக்குவது சுலபம். மெதுவான துடிப்பில் ஏபிடி அதிகம் நீளும். தூக்கத்தில் ஆபத்து என்பதோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் கசிவு ஏன் வருகிறது என்று காட்ட வேண்டுமானால் சேனலின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியாக எழுதும் மார்க்கோவ் முறை தேவை. கிளான்சியும் ரூடியும் 1999இல் மூன்று அமினோ அமிலங்கள் விடுபட்ட ஒரு திரிபுக்கு அதைச் செய்து காட்டினார்கள். மரபணுப் பிழையிலிருந்து செல்லின் துடிப்பு வரை கணினியில் கோத்த ஆரம்பகால வேலை அது, தேடிப் படியுங்கள்.

லாங் கியூடி அல்லாத வேறு பரம்பரைத் துடிப்புக் கோளாறுகளும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் அதிகம் காணப்படும் புருகாடா கோளாறை இந்த வழியில் தொட வேண்டாம். அதன் கதை ஒரு செல்லில் முடிவதில்லை. சிபிவிடி என்ற இன்னொரு கோளாறில் பழுது செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவில். அதற்கு அந்தக் கதவை நுணுக்கமாக எழுதிய மாடல் வேண்டும்.

ஒரே குடும்பம், பல செல்கள்

ஒரே திரிபு உள்ள அக்காவுக்கு ஒருமுறைகூட மயக்கம் வந்ததில்லை, மகளுக்கு வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒரே கேசிஎன்கியூ1 திரிபைத் தலைமுறைகளாகச் சுமக்கும் பெரிய குடும்பங்களிலும் இப்படித்தான். சிலருக்குக் கடுமை, சிலருக்கு ஒன்றுமில்லை. ஒரு மின்னோட்டம் குறைந்தால் மற்றவை எவ்வளவு தாங்கிப் பிடிக்கின்றன என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். டான் ரோடன் 1998இல் இதை மீள்முனைவு இருப்பு (செல் ஓய்வு நிலைக்குத் திரும்பக் கையிருப்பில் உள்ள பலம்) என்ற கருத்தாக முன்வைத்தார்.

மாடலில் இதைக் கொண்டுவர, முக்கியமான எட்டு பத்து கடத்துதிறன்களை ஒவ்வொன்றும் 0.5க்கும் 1.5க்கும் நடுவே தற்செயலாக மாறும்படி வைத்து, சில நூறு செல்களை உருவாக்குங்கள். முதலில் திரிபு இல்லாமல் ஓட்டி, இயல்பான மனிதச் செல்லின் எல்லைக்குள் வராதவற்றைத் தூக்கிப் போடுங்கள். மிஞ்சியவற்றுக்கு மட்டும் திரிபைக் கொடுங்கள். 4000 மில்லிவினாடி இடைவெளியில் எவை இடறுகின்றன, எவை தாங்குகின்றன என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு கூட்டத்திலும் ஐகேஎஸ், கால்சியம், சோடியக் கசிவு எப்படி இருக்கின்றன என்று வரைந்து பாருங்கள். திரிபு இடம்பெறாத மின்னோட்டங்களில் வித்தியாசம் தெரியும். இதை இரவு படுக்கும்போது ஓடவிடுங்கள், லேப்டாப்புக்குக் கீழே விசிறியும் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுநாள் மதியம் வரை இழுக்கும்.

இதற்கு மேல் ஈசிஜி அலையையே வரவழைக்க வேண்டுமானால் செல்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். மையோகிட்டிலேயே ஒரு வரிசைச் செல்களை ஓட்டலாம், கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேகமாக முடியும். முழு இதயம் என்றால் ஓப்பன்கார்ப் அல்லது சேஸ்ட் என்ற மென்பொருள் வேண்டும், கூடவே பல்கலைக்கழகத்தில் கணினிக் கொத்து வைத்திருக்கும் ஒரு நண்பர்.